சுனைத் தண்ணீர் சுத்தமா? சொல்கிறது சின்னச் சீசா!

நீலகிரிக்குப் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்துவது உண்டு. பாறை இடுக்கில் வரும் சுனைத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிப்பார்கள். "ஆகா! என்ன ருசி!" என்பார்கள்.

அவர்கள் குடிப்பது ஒரு நாள். மலையில் குடியிருக்கும் பல குடும்பங்களுக்கோ அன்றாடம் அதுதான் தண்ணீர். பச்சைப் பிள்ளைக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

அது நல்ல தண்ணீர்தானா? கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

1854-ம் ஆண்டு லண்டனில் பிராட் தெருவில் காலரா பரவியது. அந்தத் தெரு அடிபம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போன ஓர் அம்மாள், வேறு பகுதிக்குக் குடிபோன பிறகும் அதையே வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். காலரா அவரையும் கொண்டுபோய்விட்டது!

மலையிலும் இந்த ஆபத்து உண்டு. சுனைக்கு மேலே மாடு மேயும். கக்கூஸ் குழி இருக்கும். மழை பெய்தால் அந்த அசுத்தம் சுனையில் இறங்கும். வயிற்றுப்போக்கும், டைபாய்டும், மஞ்சள் காமாலையும் இப்படித்தான் வருகின்றன. மழைக்குப் பிறகு சுனை கலங்குகிறதா? சோதித்துப் பார்க்க அதுதான் சரியான நாள்.

கறுத்தால் ஆபத்து

இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. மஞ்சா, மவுரியா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்டது.

மருந்து தோய்த்த காகிதம் உள்ள சிறு சீசா. சுனை பிறக்கும் இடத்திலேயே, சீசாவின் வாயில் விரல் படாமல், கோடு வரை தண்ணீர் பிடித்து மூட வேண்டும். மலத்தோடு வரும் கிருமிகள் இருந்தால், அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்கும். அது மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்ததும் தண்ணீர் கறுத்துவிடும். இரண்டு நாள் பார்த்தால் போதும்.

ஆனால் சீசா கதகதப்பாக இருக்க வேண்டும். 30 முதல் 37 டிகிரி வரை சூடு தேவை. ஊட்டிக் குளிரில் ஜன்னல் ஓரம் வைத்தால் கிருமி வளராது; சீசாவும் கறுக்காது. நல்ல தண்ணீர் என்று ஏமாந்து போவீர்கள்! கந்தக வாடை வீசும் ஊற்றாக இருந்தால், கிருமி இல்லாமலே கறுத்துவிடும்.

உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டை இந்தச் சீசா காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் போக வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது.

கிருமி அப்படி அல்ல, கொதித்தால் செத்துப்போகும். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கே மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

கறுத்த சீசாவைச் சுனை அருகே கொட்டிவிடாதீர்கள். அதற்குள் இருப்பது வளர்ந்த கிருமி! பிளீச்சிங் பவுடர் போட்டு, தள்ளிக் கொட்டுங்கள். சுனைக்கு மேலே மாடு ஏறாமல் வேலி கட்டுங்கள். அடுத்த மழைக்கு இன்னொரு சீசா பிடித்துப் பாருங்கள்.