சக்கர நாற்காலியும் சக்கர வீடும்

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து திரிகின்றது என்று பாலர் வகுப்பிலே நாம் படித்திருக்கின்றோம். அது போகுமிடமெல்லாம் வீடும் கூடவே போகும்; வழியிலே தங்குமிடம் தேடும் கவலை அதற்கு இல்லை. இந்த நத்தை வாழ்வை மனிதரும் வாழ முடியுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல்லாயிரக் கணக்கானோர் வாழ்ந்து காட்டுகின்றனர். அவர்களுள் எழுந்து நடக்க இயலாத அங்கவீனமுற்றோரும் உளர் என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. நடக்க இயலாதவர் வீட்டோடு இருப்பார் என்பது உலக வழக்கு. இவர்களும் வீட்டோடுதான் இருக்கின்றனர். ஆனால் அந்த வீடு ஆயிரம் மைல் ஓடுகின்றது!

இல்ல வண்டி

'ஆர்.வி.' என்று இரண்டு எழுத்தாற் சுருக்கி அமெரிக்கர் அழைக்கும் வாகனத்தை நாம் இல்ல வண்டி எனலாம். தானே ஓடும் பெரிய வண்டியும் உண்டு. மற்றொரு வாகனத்தின் பின்னாற் கொழுவி இழுத்துச் செல்லும் வண்டியும் உண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளிக்குமிடம், மலசலகூடம் யாவும் அடக்கம். நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய நீருக்கு ஒரு தாங்கி, மலக்கழிவுக்கு ஒரு தாங்கி என மூன்று தாங்கிகள் அடியிலே பொருத்தப்பட்டிருக்கும். விடுமுறைக்கு மாத்திரம் இதிற் புறப்படுவோர் பலர். நிலத்திலுள்ள வீட்டை விற்றோ விட்டோ ஆண்டு முழுவதும் இதையே வீடாகக் கொள்வோர் வேறொரு கூட்டத்தார். இக்கட்டுரை அவர்களுள் ஒரு சாராரைப் பற்றியது.

இந்த வரலாற்றிலே 1966 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அயோவா மாநிலத்துப் பொரஸ்ட் சிற்றி என்னும் சிற்றூரிலே வின்னபேகோ நிறுவனம் தானே ஓடும் இல்ல வண்டிகளைச் செய்யத் தொடங்கிய ஆண்டு அது. நடுத்தரக் குடும்பங்களும் இவ்வாழ்வைக் கனவு காண அது வழி செய்தது.

அதே 1966 இல், இந்தியானா மாநிலத்து வினமாக் என்னும் ஊரிலே இன்னொரு காரியம் நடந்தது. றால்ப் பிறோன் என்பவர் 1940 இற் பிறந்தவர். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நோய் சிறு வயதிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. அவர் சோர்ந்திருக்கவில்லை. மின்கலத்தால் ஓடும் சிறு வண்டியொன்றைத் தாமே செய்து, அதில் ஏறித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தார். தொழிற்சாலை சில மைல்களுக்கு அப்பால் இடம் மாறியபோது அவ்வண்டி போதவில்லை. பழைய தபால் ஜீப் ஒன்றிலே கையால் இயக்கும் கருவிகளையும், தம்மை இருக்கையோடு தூக்கி உள்ளே விடும் தூக்கியையும் பொருத்தினார். பிறர் கைகொடாமலே ஏறினார். தாமே ஓட்டிச் சென்றார். 1972 இல் இத்தகைய கருவிகளைச் செய்யும் நிறுவனத்தையும் தொடங்கினார். 2013 இல் அவர் காலமாகும்போது, அவர் வழிகாட்டிய தூக்கிகள் எண்ணற்றோரை வாகனங்களில் ஏற்றிவிட்டிருந்தன.

ஓடும் வீடு ஒருபுறம், ஏற்றிவிடும் தூக்கி மறுபுறம். இவ்விரண்டும் கூடியபோதே நாம் சொல்லும் வாழ்வு பிறந்தது.

படி என்னும் மதில்

சாதாரண இல்ல வண்டியின் தளம் நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்று அடி உயரத்தில் இருக்கும். நடப்பவருக்கு அது நாலைந்து படி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அது மதில். சாய்தளம் ஒன்று வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். 1990 ஆம் ஆண்டு யூலை 26 ஆந் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் கையொப்பமிட்ட அங்கவீனமுற்ற அமெரிக்கர் சட்டத்தின் கீழ் வந்த விதி, ஓர் அங்குல உயரத்துக்குச் சாய்தளம் பன்னிரண்டு அங்குலமேனும் நீளவேண்டும் என்கின்றது. அதன்படி மூன்று அடி உயரத்துக்கு முப்பத்தாறு அடி நீளமான சாய்தளம் வேண்டும். சில வண்டிகளின் முழு நீளமே அவ்வளவுதான்! ஆகவேதான் மின்தூக்கி இன்றியமையாததாகின்றது.

ஏறிய பின்னர் வாயில் இடிக்கும். பொது இடங்களின் கதவுக்கு அச்சட்ட விதி கேட்பது குறைந்தது 32 அங்குல அகலம். சாதாரண இல்ல வண்டிகளின் கதவு பலவற்றில் அதனினும் ஒடுக்கம். நாற்காலி ஒருமுறை வட்டமிட்டுத் திரும்ப ஐந்து அடி வெளி வேண்டும். வண்டியின் அகலமோ எட்டரை அடிக்கு மேற்படலாகாது. சுவர், கட்டில், அலுமாரி எல்லாம் போக எஞ்சுவது எவ்வளவு? நிறுத்திய பின் சுவரின் ஒரு பகுதியை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் அமைப்பு இக்குறையைச் சிறிது தீர்க்கின்றது. ஆனால் விபரமறிந்தவர் வண்டி வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "சுவர் உள்ளே மடங்கியிருக்கும்போதும் நாற்காலி மலசலகூடம் வரை போகுமா?" நெடுஞ்சாலையோரத்தில், மழை நேரத்தில், இதற்கு விடை 'இல்லை' என்றால் அந்த வீட்டில் வாழ்வது எவ்வாறு?

இக்குறைகளை அறிந்து தூக்கி, அகன்ற நடைவழி, நாற்காலியோடு உள்ளே போய்க் குளிக்கும் அறை, கைக்கெட்டும் உயரத்திலே ஆளிகள் ஆகியவற்றோடு வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலைகளும் உள. விலை மாத்திரம் இலட்சம் டொலரைத் தாண்டும்.

ஏன் இந்தச் சிரமம்?

இத்தனை தொல்லை எதற்கு, வீட்டிலே இருந்தால் ஆகாதா என்று நம்மிற் சிலர் கேட்கக்கூடும். அங்கவீனமுற்ற ஒருவர் பிரயாணம் செய்வதை எண்ணிப் பார்ப்போம். ஹோட்டலிலே 'சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை' என்று சொல்லியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் கட்டில் நாற்காலியைவிட ஓர் அடி உயரமாய் இருக்கும். அல்லது குளியலறைக் கதவு கதிரையை விடாது. விமானத்திற் போனால் சக்கர நாற்காலியைப் பொதிகளோடு கீழே ஏற்றுவர். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் அமெரிக்க விமான நிறுவனங்களின் கையில் 11,000 க்கும் மேற்பட்ட சக்கர நாற்காலிகளும் அத்தகைய வண்டிகளும் உடைந்தோ, தாமதித்தோ, தொலைந்தோ போயின. நாற்காலி உடைவது நமக்குச் செருப்பறுவது போன்றதன்று. கால் முறிவது போன்றது.

இல்ல வண்டியிலோ ஒவ்வோர் இரவும் தமக்கேற்ற அதே கட்டில். ஒவ்வொரு காலையும் கை பழகிய அதே பிடிகம்பி. வெளியே மலை மாறும், கடல் மாறும். உள்ளே ஓர் அங்குலமும் மாறாது. உடலுக்கு மாறாத இடமும் கண்ணுக்கு மாறும் உலகமும் ஒருங்கே கிடைக்கின்றன. இதுவே இவ்வாழ்வின் சாரம்.

பருவமும் ஒரு காரணம். முதுகெலும்பின் மேற்பகுதியில் நரம்பு காயமுற்றோருக்கு வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. கடும் வெப்பத்தில் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். பனியிலோ நாற்காலியின் சக்கரம் நகராது. வீடு ஓடக்கூடியதாயின், மாரியில் அரிசோனாப் பாலைவனத்துக்கும், கோடையில் வடக்கு மலைகளுக்கும் போய்விடலாம். சுமார் 2,400 பேரே நிலையாக வாழும் குவாட்சைற் என்னும் அரிசோனா ஊரைச் சுற்றி, மாரிதோறும் ஆயிரக் கணக்கான இல்ல வண்டிகள் வந்து தங்குகின்றன. நிரந்தர அங்கவீனமுற்ற அமெரிக்கப் பிரசைகளுக்குத் தேசிய வனங்களில் நுழைய ஆயுட்கால இலவச அனுமதிச் சீட்டும் உண்டு. பல இடங்களில் அச்சீட்டுக்கு வண்டி நிறுத்தும் கட்டணமும் பாதியாகும்.

நிழலும் உண்டு

ஒளியை மாத்திரம் சொல்லி நிழலை மறைப்பது நேர்மையன்று. தண்ணீர் நிரப்பவேண்டும், கழிவுக் குழாயைக் குனிந்து கொழுவவேண்டும், சரளைக் கல்லிலே நாற்காலியின் முன் சக்கரம் புதையும். அரசாங்க முகாம்களுக்கான 2013 ஆம் ஆண்டு விதிகள், இத்தகையோர் வண்டி நிறுத்துமிடம் இருபது அடி அகலம் இருக்கவேண்டும் என்கின்றன. தூக்கி பக்கவாட்டில் இறங்க அவ்விடம் தேவை. ஆனால் அத்தகைய இடங்கள் சிலவே. நேரத்தோடு பதிவு செய்யாதவருக்குக் கிடைப்பது அரிது.

எல்லாவற்றிலும் கொடியது தூக்கி பழுதாவது. வெளியே இருக்கும்போது பழுதானால் வீடில்லாதவர். உள்ளே இருக்கும்போது பழுதானால் சிறைப்பட்டவர். கையால் இயக்கும் மாற்றுவழியைப் பழகிக்கொள்ளாமல் பயணம் தொடங்கலாகாது என்பது அனுபவசாலிகளின் முதற்பாடம்.

சட்டமும் பணமும் வேறு தடைகள். ஓடும் வீட்டுக்கும் நிலையான விலாசம் வேண்டும். ஆதலால் மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ், புளோரிடா, தென் டகோட்டா ஆகியவற்றில் ஒன்றைப் பலர் தம் ஊராகப் பதிந்துகொள்கின்றனர். முதியோருக்கும் அங்கவீனக் காப்புறுதி பெறுவோருக்குமான 'மெடிக்கெயர்' எந்த மாநிலத்திலும் செல்லும். ஏழைகளுக்கான 'மெடிக்கெயிட்' அப்படியன்று. அது மாநிலந்தோறும் வேறு. காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிடும் பணியாளருக்கான சம்பளம் பலருக்கு அதிலிருந்தே வருகின்றது. மாநிலம் மாறினால் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் காத்திருப்பு. எனவே, உதவி அதிகம் தேவைப்படுவோருக்கே எல்லை தாண்டும் சுதந்திரம் குறைவு.

வேறு வருமானமற்ற அங்கவீனமுற்றோருக்கு மத்திய அரசு தரும் உதவிப்பணம் 2025 ஆம் ஆண்டிலே தனியொருவருக்கு மாதம் அதிகபட்சம் 967 டொலர். அதைப் பெறுவோரின் கைச்சேமிப்பு 2,000 டொலரைத் தாண்டலாகாது என்ற எல்லை 1989 இல் இடப்பட்டது. இத்தொகையில் வீட்டு வாடகை கொடுக்க இயலாமல் பழைய வான் ஒன்றிலே குடியேறியவர்களும் உளர். அவர்களுக்கு இது உல்லாசமன்று; இறுதிப் புகலிடம். வறுமையால் வண்டியில் வாழும் முதியோரைப் பற்றி ஜெசிக்கா புறூடர் 2017 இல் எழுதிய 'நோமாட்லான்ட்' என்னும் நூல் உலகின் கண்ணைத் திறந்தது. விரும்பி ஏறியவரையும் வேறு வழியின்றி ஏறியவரையும் ஒரே தராசில் நிறுப்பது தகாது.

தனிமையும் துணையும்

ஓடும் வீட்டுக்கு அயலார் உண்டா? ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்னும் தம்பதியர் 1978 இலே 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தை அமைத்தனர். டெக்சஸ் மாநிலத்து லிவிங்ஸ்ரன் நகரிலே அச்சங்கத்தார் பின்னர் ஒரு பராமரிப்பு நிலையமும் ஏற்படுத்தினர். முதுமையாலோ நோயாலோ ஓட்டமுடியாதவர் தம் வண்டியை அங்கே நிறுத்தி, தம் கட்டிலிலேயே உறங்கி, உணவும் உதவியும் பெற வழி செய்தனர். வீடு நின்றுவிட்டாலும் வீட்டை இழக்கவில்லை என்ற மனநிறைவு சிறிதா?

சுதந்திரம் என்பது எல்லாவற்றையும் தனியே செய்வது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். பதினான்கு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் உடல் செயலற்ற எட் றொபேட்ஸ், 1972 இல் பேக்லி நகரிலே நண்பர்களோடு சுயாதீன வாழ்வு நிலையத்தை நிறுவியபோது, அங்கு செய்த முதற் பணிகளுள் சக்கர நாற்காலி திருத்துவதும் பணியாளரைத் தேடிக் கொடுப்பதும் அடங்கும். உதவி பெறுவது அடிமைத்தனமன்று. எங்கே, எப்போது, எவ்வாறு என்பதைத் தாமே தீர்மானிப்பதே சுதந்திரம் என்பது அவர்கள் கொள்கை. இல்ல வண்டியில் வாழ்பவரும் அதனையே நாடுகின்றார்.

றால்ப் பிறோனின் தசைகள் 1966 இலும் வலுப்பெறவில்லை. மாறியது அவர் உடலன்று, ஜீப்பின் படி. நம் வீட்டு வாயில்களிலும் படிகள் உள. முழங்கால் தளர்ந்த பாட்டியார் திண்ணைக்கும் வராமல் உள்ளறையிலேயே பொழுதைக் கழிப்பாராயின், அவரது முதுமையை நொந்துகொள்ளுமுன், ஓர் அளவுகோலை எடுத்து நம் வாசற்படியின் உயரத்தை அளந்து பார்ப்போமாக.