ரவங்லா புத்தர் பூங்கா: கோயிலா, பூங்காவா?

நம் கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை என்றால் ஊருக்குப் போவோம். இல்லையேல் பூரி, டார்ஜிலிங். நானும் அப்படியே காலம் தள்ளியவன்தான். சென்ற ஆண்டு நவம்பரில், பன்னிரண்டு வயதுப் பேரனின் பிடிவாதத்தால், என் மனைவியுடன் சிக்கிமின் தென்பகுதியிலுள்ள ரவங்லாவுக்குச் சென்று வந்தேன். அங்கே கண்டதை நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இரவு சியால்டாவில் ரயில் ஏறி, காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கினோம். அங்கிருந்து ஜீப்பில் சுமார் 120 கி.மீ. மேல்லி வரை டீஸ்தா நதி கூடவே வருகிறது. 2023 அக்டோபரில் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளத்தின் வடுக்கள் கரையெங்கும் தெரிந்தன. சிவோக்கிலிருந்து ரங்போ வரை சுமார் 45 கி.மீ. ரயில் பாதைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் பெரும்பகுதி, 14 சுரங்கங்களுக்குள்ளேயே செல்லும்படி அமைந்தது. இந்த மலையைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மழைக்கு மழை சரியும் மண் இது.

மேல்லியைத் தாண்டி மலையேறினால் நாம்சி. அங்கே 2011-ல் திறக்கப்பட்ட சித்தேஸ்வர் தாமில் நான்கு தாமங்களின் மாதிரிக் கோயில்கள் உள்ளன. அவற்றில் நம் இராமேஸ்வரமும் ஒன்று. இமயமலையில் நம் ஊர்க் கோயிலைக் கண்டதும் என் மனைவியின் முகத்தில் வந்த மலர்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தாம்தாங் வழியாக ரவங்லா. மைனாம், டெண்டோங் ஆகிய இரு மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர்.

ததாகத சால் என்பது பூங்காவின் பெயர். புத்தர் பிறந்து 2,550 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி எழுப்பப்பட்டது. 2006-ல் தொடங்கிய பணி 2013-ல் முடிந்தது. அவ்வாண்டு மார்ச் 25 அன்று தலாய் லாமா பிரதிஷ்டை செய்துவைத்தார். சிலையின் உயரம் 130 அடி. ஏறக்குறைய பன்னிரண்டு மாடிக் கட்டடம்.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் மனத்தில் ஒரு குறையோடுதான் போனேன். சாலை நிற்காத மலையில் இவ்வளவு பெரிய சிலை எதற்கு? ஆசையை விடச் சொன்னவருக்கு இத்தனை ஆடம்பரமா? வாயிலைத் தாண்டியதும் பேரன் வேறு கேட்டான்: "தாத்தா, இது கோயிலா, பூங்காவா? செருப்பைக் கழற்றணுமா?" என்னிடம் பதில் இல்லை. ஒரு பக்கம் புல்வெளி, பூச்செடிகள், புகைப்படம் எடுப்போர் கூட்டம். மறுபக்கம் ஒரு மூதாட்டி பிரார்த்தனை உருளைகளை ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டே போனார். பின்னால் வெள்ளை வெளேரென்று நர்சிங் சிகரம்.

சிலைக்கு 60 டன் தாமிரம் பயன்பட்டதாகச் சொல்கிறார்கள். பழைய தொழில் புத்தி விடுமா? பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கன மீட்டர் தாமிரம் ஏறக்குறைய 9 டன் எடை. அப்படியானால் 60 டன்னின் கன அளவு 7 கன மீட்டருக்கும் குறைவு. அதாவது 7,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் அத்தனை தாமிரமும் அடங்கிவிடும்! உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் ஆறடிக்குச் சற்று அதிகமான பக்கமுள்ள சதுரக் கட்டி, அவ்வளவுதான்.

"அப்போ அவ்வளவு பெரிய புத்தர் வெறும் தோல்தானா, தாத்தா?" என்றான்.

ஆம், தோல்தான். இத்தகைய பெரிய செம்புச் சிலைகளில் வெளியே தெரிவது மெல்லிய தகடு. காற்றையும் நில அதிர்ச்சியையும் தாங்குவது உள்ளிருக்கும் சட்டகம். 2011 செப்டம்பர் 18-ல் சிக்கிமை 6.9 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியபோது இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையும் செம்புத் தகடுதான். 1886-ல் நிறுவியது. உள்ளிருந்த இரும்புப் பட்டைகள் ஈரத்தில் செம்போடு உரசி அரித்துப்போய், நூற்றாண்டு விழாவுக்கு முன் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள். இரு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். பாலங்களில் நான் பார்த்த தொல்லை இதுதான். எனவே இத்தகைய சிலைக்குப் பிரதிஷ்டை ஒரு நாள், பராமரிப்போ என்றென்றைக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பணியாளர் படிக்கட்டில் உதிர்ந்திருந்த சருகுகளைப் பெருக்கியபடி வந்தார். பெருக்கி முடித்தவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிலையை நோக்கி ஒருமுறை கைகூப்பினார். மீண்டும் துடைப்பத்தை எடுத்தார். பேரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என்னை எதுவும் கேட்கவில்லை.

சிலைக்கு அடியிலுள்ள மண்டபத்தில், சுற்றிச் செல்லும் வழியில், புத்தரின் வாழ்க்கையை ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். பல நாடுகளிலிருந்து வந்த புனிதச் சின்னங்களும் உள்ளன. மூட்டுவலிக்கார என் மனைவி, பத்து நிமிடம் என்று சொல்லி உள்ளே வந்தவள், அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "நல்லா இருந்தது, வலியே தெரியலை" என்றாள். அந்தச் சில சொற்களுக்காகவே செலவு தகும் என்று தோன்றியது.

என் குறை முழுதும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சாலைகள் இன்னும் செம்மைப்பட வேண்டும். ஆனால் அளவைப் பார்த்து ஆடம்பரம் என்று முடிவுகட்டியது அவசரம். தினமும் பெருக்கும் கை இருக்கும்வரை அது கோயில்தான். குழந்தைகள் ஓடும்வரை பூங்காவும்தான்.

போக விரும்புவோருக்கு: மார்ச் முதல் மே வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் நல்ல காலம். மழைக்காலத்தைத் தவிர்க்கவும். மேகம் மூடுமுன் காலையிலேயே சென்றுவிடுங்கள். கம்பளி உடை, அடையாள அட்டை அவசியம். படிகள் இருப்பதால் முதியோர் நிதானமாக ஏறவும். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்காகவாவது!