ஐப்பசியில் ஊருக்குப் போன கதை: தண்ணீர் போகும் வழி

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று ஒரு படம் இருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், தரை முழுக்கச் சருகு. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது காரில் உட்கார்ந்தபடி கேட்டாள். "அக்டோபர், நவம்பர்னா இலையுதிர் காலம்னு போட்டிருக்கு. ஒரு இலைகூட உதிரலையேப்பா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்து, அது வேறெங்கோ போய், ஊரில் என் பேரில் இருக்கும் ஒரு மனையில் வந்து முடிந்தது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

நம்ம ஊர் இலையுதிர் காலம் எது?

குளிர் நாடுகளில் பகல் சுருங்கி, குளிர் ஏற ஏற மரங்கள் இலையைக் கழித்துவிடுகின்றன. நமக்கு அந்தக் குளிர் கிடையாது. இங்கே மரம் பயப்படுவது வறட்சிக்கு. அதனால் அரசு, வேம்பு, இலுப்பை எல்லாம் மாசி, பங்குனியில்தான் இலை கொட்டும். பழைய தமிழ்க் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவம். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். பாடப்புத்தகத்தின் இலையுதிர் காலம் நம்ம கூதிரின் மேல் வந்து விழுகிறது. அவர்களுக்குச் சருகு விழும் நேரத்தில் நமக்கு மழை விழுகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு மிச்சம்தான். அக்டோபர் வாக்கில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும்போது வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, சுமார் 440 மி.மீ., இந்த மூன்று மாதத்தில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இன்னும் அதிகம்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மதுராந்தகம் வந்துவிட்டது.

ஏரிக்கு மூன்று உறுப்பு

சின்ன வயதில் இதே சாலையில் பஸ்ஸில் போகும்போது மதுராந்தகம் ஏரி வந்தால் அப்பா எழுப்பிவிடுவார். ஏரி காத்த ராமர் கதை சொல்வார். கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், கொட்டுகிற மழையில், கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றார்கள் என்பது கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்வார்கள்.

அப்போது எனக்குப் புரியாத ஒன்று இப்போது புரிகிறது. அந்தக் கதையில் பயம் தண்ணீர் இல்லாமல் போவதைப் பற்றியது அல்ல. தண்ணீர் அதிகமாகிவிடுவதைப் பற்றியது. ஏரி என்றால் மூன்று உறுப்பு: தேக்குவதற்குக் கரை, வயலுக்கு விடுவதற்கு மதகு, மிஞ்சியது வெளியேறுவதற்குக் கலிங்கு. சில ஊர்களில் கலங்கல் என்பார்கள். கலிங்கு இல்லாத ஏரி ஒரே மழையில் கரையை உடைத்துக்கொண்டு போய்விடும்.

விக்கிரவாண்டியில் திரும்பி, பண்ருட்டி, நெய்வேலி தாண்டி, சேத்தியாத்தோப்பிலிருந்து வேண்டுமென்றே சுற்றுவழியில் வீராணம் ஏரிக்கரைப் பக்கம் போனோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. நீளம் மட்டும் சுமார் 16 கி.மீ. 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இந்தக் கரையில்தான். 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் போவதும் இங்கிருந்துதான். "அப்போ நம்ம வீட்டுக் குழாய்ல வர்றது இந்தத் தண்ணியா?" என்றாள் மகள். ஒரு பங்கு அப்படி இருக்கலாம் என்றேன். இங்கேயும் மிஞ்சும் தண்ணீருக்கு வழி வைத்திருக்கிறார்கள். லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடை அதில் ஒன்று.

அடுத்து அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. வீராணத்துக்குத் தண்ணீர் இங்கிருந்து வடவாறு வழியாகப் போகிறது. பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தோம். காவிரியில் வெள்ளம் வந்தால் முக்கொம்பிலும் கல்லணையிலும் மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுவார்கள். அதாவது காவிரிக்கே ஒரு கலிங்கு கொள்ளிடம். தஞ்சாவூர் டெல்டா பிழைத்திருப்பதே இந்த ஏற்பாட்டால்தான்.

அத்தை தீர்த்து வைத்த வழக்கு

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை அத்தை வீட்டில் இருந்துதான் படித்தேன். அத்தைக்கு இப்போது 78 வயது. மாமா போன பிறகும் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, விடாமல் தானே பார்த்துக்கொள்கிறார். மகன்கள் இருவரும் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சின்ன வயதுக் கதை ஒன்று என்னிடம் உண்டு. எட்டு வயதில், தீபாவளிக்கு மறுநாள், புதுச் சட்டையோடு வாய்க்காலில் விழுந்தேன். இழுத்துக்கொண்டு போனது. மாமா குதித்துத் தூக்கினார். முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வருகிற கதை. காபி குடிக்கும்போது மகளுக்காக அதை இன்னொரு தடவை எடுத்துவிட்டேன். அத்தை இடைமறித்தார்.

"வாய்க்கால்னா சொல்ற? தீபாவளிக்கு வாய்க்கால்ல ஏதுடா அவ்வளவு தண்ணி? மழை பிடிச்சதும் மதக அடைச்சிருவாங்கள்ல. நீ விழுந்தது வடிகால்ல."

அத்தை சொன்னதுதான் சரி. டெல்டாவின் சம்பா சாகுபடி இரண்டு தண்ணீரை நம்பி இருக்கிறது. ஒன்று ஆற்றுத் தண்ணீர். குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, மேட்டூரில் தேங்கி, ஆறு வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகிறது. நாற்று விடுவதற்கும் நடவுக்கும் அதுதான் துணை. இரண்டாவது ஐப்பசியில் வயலின் மேலேயே விழும் வானத்துத் தண்ணீர். அது கொட்ட ஆரம்பித்ததும் பிரச்சினை தலைகீழாக மாறிவிடுகிறது. அதுவரை தண்ணீரை உள்ளே கொண்டுவரப் பாடுபட்டவர்கள், அதன்பின் வெளியே அனுப்பப் பாடுபட வேண்டும். அதனால்தான் டெல்டாவில் வாய்க்கால் ஒரு பக்கம், வடிகால் ஒரு பக்கம். வாய்க்கால் கொஞ்சம் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும்.

எனக்கு எட்டு வயதில் இந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் ஓடினால் வாய்க்கால், அவ்வளவுதான். தெரிந்த வார்த்தையை ஞாபகம் போட்டுக்கொண்டது.

"சரி, எந்த இடம் அத்தை?"

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உன் மனைக்குப் போற ரோடு ஆரம்பிக்குதுல்ல, அங்கதான்."

என் மனை

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு மனை வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகு வீடு கட்டலாம் என்று. மொத்தம் 24 மனைகள். வந்து பார்த்தது பங்குனி மாத வெயிலில். நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாதையின் தொடக்கத்தில் ஒரு பள்ளமும், அதில் சிமெண்ட் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண் தள்ளியிருந்ததும் பார்த்த ஞாபகம் இருக்கிறது. நான் விழுந்த இடம் என்று தோன்றவே இல்லை. தண்ணீர் இல்லாமல் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லையே.

போன வருஷம் கார்த்திகையில் அத்தை வயலில் பத்து நாள் தண்ணீர் நின்றது. பயிர் அழுகிவிட்டது. போனில் சொன்னபோது மழை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் நட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. "இதுவும் போச்சுன்னா குடுத்துட்டு வந்துடறேன்டா. எத்தனை தடவ நடுறது?" என்றார்.

மறுநாள் காலை ஒரு டேப் எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். வடிகால் முழுக்க ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். குழாயின் விட்டம் 60 செ.மீ. மேலே தூர்ந்துபோகாத இடத்தில் வடிகாலை அளந்தோம். மேல் அகலம் 4 மீட்டர், அடியில் 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர்.

கணக்கு எளிது:

வடிகாலின் குறுக்குப் பரப்பு 3 சதுர மீட்டர். குழாயுடையது 0.28 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த வடிகாலை நம்பி இருப்பது சுமார் பதினைந்து வேலி, அதாவது 100 ஏக்கர். ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அதன் மேல் விழுவது 40,000 கன மீட்டர், நாலு கோடி லிட்டர் தண்ணீர். டெல்டா தட்டையான நிலம். தண்ணீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், முழு வடிகாலில் அத்தனையும் வடிய ஏழரை மணி நேரம் போதும். அந்தக் குழாய் வழியாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். குழாயில் பாதி அடைத்திருந்தால் ஆறு, ஏழு நாள். ஐப்பசியில் அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். தோராயக் கணக்குதான். ஆனால் போன வருஷம் நின்ற பத்து நாளுக்குக் காரணம் எங்கே என்று காட்ட இது போதும்.

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே என்று நினைப்போம். வேர் தண்ணீரில் இருக்கலாம், தலை மூழ்கக் கூடாது. மூழ்கினால் சாதாரண ரகங்கள் மூச்சுக்காக உயர்ந்து உயர்ந்து, இருக்கும் சத்தை எல்லாம் செலவழித்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் செத்துப்போகும். ஒடிசாவைச் சேர்ந்த எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகம் மட்டும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சத்தைச் சேமித்து, தண்ணீர் வடியும்வரை காத்திருக்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். அதைச் சேர்த்த சி.ஆர். 1009 சப் 1 என்ற சம்பா ரகம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது இரண்டு வாரம்வரை தாங்கும். அத்தையிடம் சொன்னேன். "சரிடா, அடுத்த வருஷம் நட்டா பார்க்கலாம். தண்ணி வடியணும்ல மொதல்ல?" என்றார்.

இப்போது எங்கே நிற்கிறது

அரசின் நில ஆவண இணையதளத்தில் புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். வடிகால் புறம்போக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. மனை வாங்கும்போது என் மனையின் நான்கெல்லையை மட்டும் பார்த்தேன், பக்கத்துப் புலத்தைப் பார்க்கவில்லை.

மனைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அளவுகளையும் கணக்கையும் போட்டேன். குழாயை எடுத்துவிட்டு, வடிகாலின் முழு அகலத்துக்கும் ஒரு சிறு பாலம் போட வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடலாம், ஊராட்சியிலும் மனு கொடுக்கலாம் என்று எழுதினேன். 24 பேரில் இதுவரை 11 பேர் சம்மதம். ஒருவர், "பாதையை வெட்டினா மனை விலை இறங்கிடும் சார்" என்றார். ஆறு வருஷம் முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இந்த மழைக்குள் பாலம் வராது என்று தெரியும். அதுவரை குழாயின் வாயில் அடைத்திருந்த செடிகளை நாலு ஆள் வைத்து எடுத்தோம். கிளம்பும் அன்று நல்ல மழை. அத்தை கொல்லைப்புறம் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெதுவாக, ஆனால் வடிந்துகொண்டுதான் இருந்தது.

ஊரில் மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பங்குனியில் பார்த்தால் ஐப்பசியிலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்துப் புலங்களின் வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, அந்த ஊரில் வயசான ஒருத்தரிடம் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அத்தை அன்றைக்கே சொல்லியிருப்பார்.