முதுகில் காற்று, இடப்பக்கம் புயல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் "வங்கக் கடலில் புயல்" என்ற செய்தி வந்துவிட்டால் நாகப்பட்டினம், கடலூர் போன்ற ஊர்களின் கடற்கரையைப் பார்க்க வேண்டும். படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள். வலைகளை வீட்டுக்குத் தூக்கிச் செல்வார்கள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமும் வந்து சேரும். அவர்களுக்கு நடுவே வயதான மீனவர் சிலர் பேசாமல் கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள்? மாணவ நண்பர்களே, அவர்கள் பார்வையில் அருமையான இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் வரும் தூதன்

காற்றே இல்லாத நேரத்திலும் நீண்ட, கனத்த அலைகள் நிதானமாகக் கரையில் வந்து மோதும். இவை தொலைவிலுள்ள புயல் எழுப்பிய அலைகள். 15 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைகளின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் பரவும். புயலோ பெரும்பாலும் 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். ஆகவே 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயல் வந்து சேர ஒரு நாள் ஆகுமென்றால், அலை அதற்குப் பாதி நேரத்திலேயே வந்து சொல்லிவிடும்.

காற்று காட்டும் திசை

புயலின் மையத்தில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சுற்றிலுமுள்ள காற்று அங்கே பாய்கிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் அது வலப்புறம் விலகி, மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. 1857-ஆம் ஆண்டு டச்சு அறிஞர் பைஸ் பாலட் இதிலிருந்து ஓர் எளிய விதியைச் சொன்னார்: காற்று முதுகில் படும்படி நில்லுங்கள்; குறைந்த அழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும்.

நம் கரைக்கு நேர் கிழக்கே புயல் இருப்பதாகக் கொள்வோம். அப்போது வடக்கிலிருந்து வாடை வீசும். புயல் மேற்கு நோக்கி நெருங்க நெருங்க மூன்றில் ஒன்று நடக்கும்.

வாடை மெல்லத் திரும்பிக் கிழக்கிலிருந்து வீசும் கொண்டலானால், மையம் நமக்குத் தெற்கே கடக்கிறது. நாம் புயல் பாதையின் வலப்பக்கம் இருக்கிறோம். காற்று கடலைக் கரைமேல் தள்ளும்.

வாடை மேற்குக் காற்றாக, அதாவது கச்சானாகத் திரும்பினால், மையம் நமக்கு வடக்கே கடக்கிறது. காற்று கடலைக் கரையிலிருந்து விலக்கும்.

திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறி, பாரமானியும் இறங்கிக்கொண்டே போனால், மையம் நேராக நம்மை நோக்கியே வருகிறது!

துறைமுகங்களில் ஏற்றும் கூண்டுகளும் இதைத்தான் சொல்கின்றன. துறைமுகம் பாதையின் இடப்பக்கம் அமையும் என்றால் 8, வலப்பக்கம் என்றால் 9, புயல் துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடக்கும் என்றால் 10.

வலப்பக்கம் ஏன் கொடியது?

அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். ஆனால் 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவி சீமையில் கடல் ஏறத்தாழ 5 மீட்டர் எழுந்தது. மீதியைச் செய்தது காற்று. திவி சீமை அந்தப் புயல் பாதையின் வலப்பக்கம் இருந்தது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 10,000 பேர்.

இரண்டு ஏமாற்றுகள்

இடப்பக்கத்தில் இருப்பவர்கள் நிம்மதி அடையலாமா? கூடாது. 2017 செப்டம்பரில் இர்மா புயலின்போது அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் கடல் உள்வாங்கியது. மக்கள் வெறும் தரையில் இறங்கி நடந்தார்கள். மையம் கடந்ததும் காற்று திரும்பும். விலகிய நீரும் திரும்பும்.

மையம் நேராக வந்தால் இன்னோர் ஏமாற்று உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தது. பேய்க்காற்று சட்டென்று அடங்கியது. புயல் ஓய்ந்துவிட்டது என்று தெருவுக்கு வரத் தோன்றும் நேரம் அது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று பாய்ந்தது. முதல் காற்றில் தளர்ந்து நின்ற மரத்தை இரண்டாவது காற்று மறுபக்கம் தள்ளும். காற்று இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2013-இல் அங்கே பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தோர் தொகை சில பத்துகளுக்குள் அடங்கியது.

அடுத்த முறை புயல் செய்தி வரும்போது ஒரு குறிப்பேட்டில் மணிக்கு ஒருமுறை காற்றின் திசையைக் குறித்து வாருங்கள். வீட்டுச் சன்னலருகே நின்று குறித்தால் போதும், கடற்கரைக்குப் போகவேண்டாம். "வெளியேறுங்கள்" என்ற அறிவிப்பு வந்தால் குறிப்பேட்டை மூடிவிட்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள். புயல் எந்தப் பக்கம் போகிறது என்ற கணக்கைப் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.