பிறர் குரலில் தொடங்கித் தன் குரலில் நின்றவர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் பிறரைச் சிரிக்க வைப்பது எளிதன்று. அதையே தொழிலாகக் கொண்டு வாழ்வது அதனினும் அரிது. அவ்வாறு வாழ்ந்தவர்களுள் ஒருவர், நமக்கு அண்மையில் உள்ள மதுரையைச் சேர்ந்த நடிகர் ரோபோ சங்கர். அவர் கற்ற கலை எத்தகையது, அது அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒருவருடைய குரல், பேச்சு, நடை ஆகியவற்றைச் செய்து காட்டும் கலையைப் பலகுரல் என்றும் மிமிக்ரி என்றும் கூறுகிறோம். தொண்டையில் உள்ள குரல்நாண்கள் இறுகினால் குரல் உயரும், தளர்ந்தால் தாழும். அந்த ஒலிக்கு நாக்கும் உதடும் மூக்கும் வடிவம் கொடுக்கின்றன. இவ்வுறுப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவர் குரல் மற்றொருவருக்கு முழுவதும் வாய்ப்பதில்லை. அப்படியிருக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவரே பேசுவது போல் தோன்றுவது எப்படி?

நாம் ஒருவரை அடையாளம் காண்பது குரலால் மட்டுமன்று. எந்தச் சொல்லை அழுத்துகிறார், எங்கே நிறுத்துகிறார், எவ்வளவு விரைவாகப் பேசுகிறார், கையை எப்படி வீசுகிறார் என்பவற்றாலும் அறிகிறோம். கலைஞர் இவற்றுள் இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்து, சற்றே பெரிதாக்கிக் காட்டுகிறார். மீதியை நம் மனமே நிரப்பிக் கொள்கிறது. தையலுக்குப் பெயர்பெற்ற தளவாய்புரத்தில் இதை எளிதாக விளக்கலாம். அளவு ரவிக்கையைப் பார்த்துப் புது ரவிக்கை தைப்பதில்லையா? அளவு பழையதினுடையது, துணியும் தையலும் புதியவை. பலகுரலும் அப்படித்தான்.

இக்கலையை வெறும் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் பலகுரல் கலையின் தந்தை எனப் போற்றப்படும் வாரங்கல் நேரெல்லா வேணு மாதவ் அவர்களுக்கு 2001-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

1978-ஆம் ஆண்டு பிறந்த சங்கரின் கலைவாழ்வு ஊர்மேடைகளில் தொடங்கியது. உடம்பெல்லாம் வெள்ளி நிறப் பூச்சுப் பூசிக்கொண்டு, இயந்திர மனிதனைப் போல் விறைப்பாக நடந்தும் ஆடியும் காட்டினார். 'ரோபோ' என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான். திருவிழாக் கலைநிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் அறிவர்: பிடித்தால் மக்கள் கைதட்டுவர், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவர். அதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் ஏது?

பிறகு விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப் போவது யாரு?' நிகழ்ச்சி அவரை வீடுதோறும் கொண்டு சென்றது. நடிகர் விஜயகாந்தைப் போல் அவர் பேசியும் நடந்தும் காட்டியது பெரும் புகழ் பெற்றது. 'அது இது எது' நிகழ்ச்சியில் 'சிரிச்சா போச்சு' என்றொரு சுற்று உண்டு. வேடமிட்ட கலைஞர்கள் சிறு நகைச்சுவை நாடகம் நடத்துவர். எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் தோற்றார். அதிலும் சங்கர் சிறந்து விளங்கினார்.

ஆயினும் பலகுரல் கலைஞருக்கு ஓர் ஆபத்து உண்டு. அவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு மக்கள் அவரை மறந்து, அவர் செய்து காட்டும் நடிகரையே நினைப்பர். இரவல் குரல் கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே நிலைத்திருக்கச் சொந்தக் குரல் வேண்டும். 'மாரி' (2015) படத்தில் சனிக்கிழமை என்னும் பாத்திரத்திலும், 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்' (2016) படத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் சக்கரையாகவும் அவர் நடித்தபோது, மக்கள் ரசித்தது வேறு எவரையும் அன்று, ரோபோ சங்கரையே. 2019-இல் 'தி லயன் கிங்' படத்தின் தமிழ் வடிவில் பும்பா என்னும் காட்டுப்பன்றிக்கும் அவரே குரல் கொடுத்தார். பிறர் குரலால் அறிமுகமானவரிடம், அவர் குரலையே தேடி வந்தார்கள்!

தோழியரே, ஆசிரியை வகுப்புக்கு வருமுன் அவரைப் போலவே பேசிக்காட்டும் மாணவி இல்லாத பள்ளி உண்டா? சிரிப்பதில் தவறில்லை. ஆனால் ஒருவரது திக்குவாயையும் நடைக் குறையையும் நிறத்தையும் செய்து காட்டுவது கலையன்று, அது காயம். சம்பந்தப்பட்டவர் முன்னிலையிலேயே செய்து காட்ட முடியுமா, அவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். நன்றாகச் செய்ய வேண்டுமானால் அவரை நன்றாகக் கவனிக்க வேண்டும். அப்படிக் கவனிப்பதும் ஒரு மரியாதையே.

மஞ்சள் காமாலையால் உடல் மெலிந்து, தேறி, மீண்டும் நடிக்க வந்த ரோபோ சங்கர், 2025 செப்டம்பர் 18 அன்று சென்னையில் தமது 46-ஆம் வயதில் காலமானார். நம்மைச் சிரிக்க வைத்தவருக்கும் நோயும் துன்பமும் உண்டு என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

பலகுரல் திறமை உடையவர்கள் அதை ஆண்டுவிழா மேடையில் துணிந்து காட்டுங்கள். பத்துப் பேரின் குரலைப் பழகுங்கள். ஆனால் பதினோராவதாக உங்கள் சொந்தக் குரலையும் மறவாமல் பழகுங்கள்!