பாலர் பள்ளி வாசலில் அழும் குழந்தை

நெசவும் வேளாண்மையும் நடைபெறும் நம் ஊர்களில் பெரும்பாலானவற்றில் இன்று பாலர் பள்ளி இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாக, அங்கன்வாடி மையங்கள் நாடெங்கும் பரவின. மக்கள் அவற்றைப் 'பால்வாடி' என்றே இன்னமும் வழங்குகின்றனர். அங்கே குழந்தைக்கு உணவும், விளையாட்டும், ஒத்த வயதுத் தோழமையும் கிடைக்கின்றன. ஆயினும் காலை வேளையில் அதன் வாசலில் எழும் அழுகையைக் கண்டு மனம் தளர்ந்து, சேர்த்த சில நாட்களிலேயே குழந்தையை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. இவ்விஷயம் குறித்துச் சில கருத்துக்களை அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

தறிக்குடும்பத்துக் குழந்தைக்கு வீடே தொழிற்கூடம். தகப்பனார் குழித்தறியில் அமர்ந்திருப்பார். தாயார் அருகிலேயே ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். பிறந்த நாள் முதல் தாய் அக்குழந்தையின் கண்ணுக்கு மறைவதே அபூர்வம். உழவர் வீட்டிலோ தாய் களை எடுக்கவும் நாற்று நடவும் போய்வருவதால், பாட்டியிடம் இருந்து பழகும் வாய்ப்புக் குழந்தைக்குச் சிறிதேனும் ஏற்படுகிறது. நெசவாளர் குழந்தை பெரும்பாலும் பாலர் பள்ளி வாசலில்தான் முதன்முதலாகத் தாயைப் பிரிகிறது. அதன் அழுகை மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை.

இவ்வழுகை பிடிவாதமன்று, செல்லம் கொடுத்ததால் வந்த கேடுமன்று. குழந்தைக்கு ஏறக்குறைய எட்டு மாதம் ஆகும்போது பிரிவுக்கு அஞ்சும் இயல்பு தோன்றுகிறது. ஒன்றரை வயதளவில் அது மிகுந்து, மூன்று வயதை ஒட்டிப் பெரும்பாலும் தணிகிறது. புதிய இடத்தில் அது மீண்டும் தலைதூக்குவதும் இயற்கையே. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அளித்த அறிக்கையில், தாயன்பின் தொடர்ச்சி குழந்தையின் மனநலத்திற்கு எத்துணை அவசியம் என்பதை விளக்கினார். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்ஸன், மருத்துவமனையில் எட்டு நாட்கள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து 1952-இல் வெளியிட்டார். வாய் மூடியிருக்கும் குழந்தையின் உள்ளத்திலும் துயரம் இருக்கலாம் என்பதை அப்படம் உணர்த்தியது. அடங்கிய அழுகையெல்லாம் ஆறிய அழுகை அன்று.

இவ்விடத்தில்தான் பெற்றோர் பலர் ஒரு தவறான வழியை மேற்கொள்கின்றனர். குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் நழுவிவிடுகின்றனர். அல்லது "மிட்டாய் வாங்கி வருகிறேன்" என்று பொய் சொல்லிச் செல்கின்றனர். அன்றைய அழுகை அவர்கள் காதில் விழாமற் போகலாம். ஆனால், திரும்பிப் பார்த்தால் அம்மா இருக்கமாட்டாள் என்ற பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு வீட்டிலும் முந்தானையை விடுவதில்லை. கொல்லைக்குச் சென்றாலும் பின்தொடர்கிறது. தார் சுற்ற ஆளின்றித் தறியும் நிற்கிறது.

தவணை நாளைச் சொல்லி, அந்நாளில் தவறாது செலுத்தும் அங்கத்தினரைச் சங்கம் நம்புகிறது. சொல்லாமல் ஊரை விட்டுப் போனவரை நம்புவதில்லை. குழந்தையின் கணக்கும் இதுவே. போவதைச் சொல்லிப் போகவேண்டும். வருவதாகச் சொன்ன வேளையில் வரவேண்டும். இவ்விரண்டும் தவறாது நடந்தால், அழுகை நாளடைவில் தானே குறையும்.

இதற்குக் கையாளத்தக்க முறைகள் சில:

முதலாவதாக, சேர்ப்பதற்குச் சில நாட்கள் முன்னரே வீட்டில் பழக்கவேண்டும். கால் மணி நேரம் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லி விட்டுச் சென்று திரும்புக. கண்ணாமூச்சி விளையாட்டும், மறைந்தவர் மீண்டும் வருவார் என்பதைக் குழந்தைக்குக் கற்பிக்கிறது.

இரண்டாவதாக, பணியாளரிடம் கேட்டுக்கொண்டு முதல் நாள் தாயும் உடன் அமர்ந்து, ஒரு மணி நேரத்தில் குழந்தையுடன் திரும்பலாம். மறுநாள் சொல்லிவிட்டுச் சிறிது வெளியே சென்று வரலாம். பிறகு நேரத்தை நாளுக்கு நாள் நீட்டலாம்.

மூன்றாவதாக, விடைபெறுதல் சுருக்கமாக இருத்தல் வேண்டும். தினமும் அதே சொற்களைச் சொல்லி, ஒரு முத்தம் கொடுத்து, குழந்தையைப் பணியாளரின் கையில் ஒப்படைத்துவிட்டு நடக்கவேண்டும். வாசலில் நின்று திரும்பத் திரும்பத் தேற்றினால் அழுகை வளரும். தாயிடம் மிகவும் ஒட்டிக்கொள்ளும் குழந்தையைச் சில நாட்கள் தகப்பனாரோ தாத்தாவோ அழைத்துச் செல்வது நன்று.

நான்காவதாக, குழந்தைக்கு மணிக்கணக்குத் தெரியாது. ஆகவே, "சோறு உண்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று அது அறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு வேளையைச் சொல்லுக.

ஐந்தாவதாக, தாயின் பழஞ்சேலைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பலாம். இத்தகைய துணி குழந்தைக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை டொனால்டு வினிகாட் என்னும் குழந்தை மருத்துவர் 1953-இல் வெளியான கட்டுரையில் விரித்துரைத்தார். நெசவாளர் வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை.

பூச்சாண்டி காட்டுவதும், "டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்று மிரட்டுவதும் அறவே கூடா. அப்படிச் சொன்னபின் அந்த டீச்சரிடமே குழந்தை எவ்வாறு செல்லும்? விடுமுறைக்குப் பின்னரும், காய்ச்சலில் படுத்தெழுந்த பின்னரும் அழுகை திரும்பக்கூடும். அதற்காக நிறுத்திவிட வேண்டாம். ஆனால் பல வாரங்கள் சென்றும் குழந்தை நாள் முழுதும் அழுதால், உண்ணாமலும் விளையாடாமலும் ஒதுங்கியிருந்தால், அதனை அலட்சியம் செய்தலாகாது. பணியாளருடன் கலந்து பேசி, அங்கே அதை அச்சுறுத்துவது எது என்று பார்க்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் காட்டவேண்டும்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. நெசவுக் கூலி செய்த வேலைக்கே கிடைப்பது. குழந்தையைப் பழக்கும் முதல் வாரத்தில் தாயின் காலைப்பொழுது போகிறது. தார் இல்லையேல் நாடா ஓடாது. அவ்வாரத்தில் துணி ஒப்படைக்கும் நாளைச் சற்றுத் தளர்த்துவதால் சங்கத்திற்குப் பெருநஷ்டம் வந்துவிடாது. நூல் பட்டுவாடாவையும் துணி வாங்குதலையும் பாலர் பள்ளி விடும் வேளையில் வைத்துக்கொண்டு, பெண் அங்கத்தினரை வரிசையில் நிறுத்திவைப்பது முறையன்று. அங்கே குழந்தை தூங்கி எழுந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். தாய் கொடுத்த வாக்கு நிறைவேறச் சங்கமும் வழிவிட வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.