செவிவழி ஆங்கிலம்

ஒரு மொழியைக் கண்ணால் கற்பது வேறு. காதால் கற்பது வேறு. நம் மாணவர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் கண்ணின் வழியாகவே வந்து சேர்கிறது. பெரம்பலூர், அரியலூர், மணப்பாறைப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளுக்கு வரும் தமிழ்வழி மாணவர் ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண்ணே பெறுகிறார். ஆயினும் வேலைக்கான நேர்முகத் தேர்வில், கேட்கப்பட்ட வினா விளங்காமல் விழிக்கிறார். வினாவிலுள்ள சொற்கள் அனைத்தும் அவர் எழுத அறிந்தவையே. எழுத்தாகப் பழகிய சொல் ஒலியாக எதிர்ப்பட்டபோது அடையாளம் தெரியவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே வாய்த்துவிடும் இக்கேள்விப் பயிற்சி, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வாய்ப்பதில்லை. பாடத்திற்கென்று செய்யப்படாத இயல்பான பேச்சு, பாட்டு, திரைப்படம் ஆகியவற்றின் வழியே ஆங்கிலம் கற்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

தடை எங்கே இருக்கிறது? தமிழில் ஏறக்குறைய எல்லா அசைகளையும் தெளிவாக ஒலிக்கிறோம். ஆங்கிலமோ ஒரு சொல்லில் ஓர் அசையை அழுத்தி, ஏனையவற்றை மெலித்துவிடும். 'ஹோட்டல்' என்னும் சொல்லில் நாம் முதலசையை அழுத்துகிறோம். ஆங்கிலேயர் இரண்டாவதை அழுத்துவர். 'டெவலப்மெண்ட்' என்பதிலும் அழுத்தம் இரண்டாம் அசைக்கே உரியது. 'போட்டோகிராப்' என்பதில் முதலசையில் நிற்கும் அழுத்தம், 'போட்டோகிராபர்' என்றானதும் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. முதலசை மெலிந்து தேய்ந்துபோகிறது. இத்தேய்வு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதையும், ஐகாரக் குறுக்கத்தையும் நன்னூலில் படித்தவர்தாமே நாம்! ஆனால் எந்த அசை குறுகும் என்பதை ஆங்கில எழுத்துக்கூட்டல் காட்டிக்கொடுப்பதில்லை. காதுதான் காட்டவேண்டும்.

செவிவழிக் கல்வி நம் ஊருக்கு அயலானதும் அன்று. காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்தில் திவ்வியப் பிரபந்தத்தைச் 'சந்தை' முறையில் கற்பிப்பர். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வர். இக்கரையில் நம் மக்தபுகளில் உஸ்தாத் ஓதக் கேட்டுப் பிள்ளைகள் ஓதுகின்றனர். தஜ்வீதுக் கலை 'மக்ரஜ்' என்று வகுத்துரைக்கும் ஒலிப்பிடங்களையும், தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்வனவற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையான ஆய்வாகும். அரபு எழுத்துகளான ஃபே, ஸே ஆகியவற்றைத் திருத்தமாக ஒலிக்கும் மாணவரே, ஆங்கில வகுப்பில் மின்விசிறியைப் 'பேன்' என்றும் விலங்குக் காட்சிச் சாலையைச் 'சூ' என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஒலி அவர் நாவில் இருக்கிறது. அதை ஆங்கிலத்திற்கு எடுத்துவர எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவை இங்கு நினைக்கலாம். 1924இல் ஆந்திரத்தின் கரவடியில் பிறந்தவர் அவர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்தார். தஞ்சை பாணியைக் கற்கவேண்டி நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களை நாடிவந்தார். பின்னர்த் திருவரங்கத்திலேயே குடியமர்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ விருதும், மறைவுக்கு முந்திய ஆண்டான 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரைத் தேடிவந்தன. சுரக்குறிப்பு எந்த ஊரிலும் கிடைக்கும். பாணியோ, அது வழங்கும் இடத்தில், வாசிப்பவர் அருகிலிருந்து கேட்டாலன்றிப் படியாது. மொழியின் தொனியும் அத்தகையதே.

ஆங்கிலம் வழங்கும் நாட்டிற்கு எல்லாரும் குடிபெயர இயலாது. ஒலியை இங்கே வரவழைத்துக்கொள்ளலாம். 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. வானொலியின் ஆங்கிலச் செய்திகளையும் கிரிக்கெட் வருணனையையும் கேட்டே உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பெரியவர்கள் நம்மிடையே உண்டு. இன்றைய மாணவருக்குக் கைப்பேசியே போதும்.

எதைக் கேட்பது? டேவிட் அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' (1979) போன்ற இயற்கைத் தொடர்களைத் தொடக்கத்திற்குப் பரிந்துரைப்போம். சொல்லப்படும் விலங்கு திரையில் தெரிவதால் பொருள் எளிதில் விளங்கும்; பேச்சும் நிதானமானது. சண்டைப் படங்களில் ஓசை மிகுதி, உரையாடல் குறைவு, அவை பயன்தரா. பாடல்களில் பீட்டில்ஸ் குழுவினரின் 'யெஸ்டர்டே' (1965) போல மெதுவாகச் செல்வன ஏற்றவை. எனினும் பாடலை முழுமையாக நம்பவும் கூடாது. மெட்டுக்காகச் சொல்லழுத்தம் இடம்பெயரும், இலக்கணமும் நெகிழும். சொற்களை நினைவில் நிறுத்தப் பாட்டு உதவும். பேச்சின் நடையைப் பேச்சிலிருந்தே கொள்ளவேண்டும்.

பண்பாட்டு அறிவும் உடன் வரவேண்டும். 'ஹௌ டூ யூ டூ' என்பது நலம் விசாரிப்பதுபோல் தோன்றினும், அதற்கு விடையாக உடல்நிலையை விவரிப்பார் இலர். அதே தொடரைத் திருப்பிச் சொல்வதே மரபு. விடை தெரியாது திகைப்பவரை 'ஸ்டம்ப்டு' என்பர். கிரிக்கெட் பார்க்கும் நம் இளைஞருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆங்கிலேயரின் குரலை அப்படியே போலி செய்யவேண்டும் என்பதும் நம் கருத்தன்று. சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரின் ஆங்கிலப் பகுதிகளில் இந்தியர் பேசும் ஆங்கிலமும் தெளிவாகவே இருக்கிறது.

முழுப்படத்தை ஒரே இருப்பில் பார்ப்பது பொழுதுபோக்கு. பயிற்சிக்கு இரண்டு நிமிடக் காட்சி போதும். முதலில் எழுத்துவரி இல்லாமல் கேட்கவேண்டும். பிறகு ஆங்கில எழுத்துவரியோடு பார்க்கவேண்டும். தமிழ் வரி வேண்டா. அது வந்தால் காது உறங்கிவிடும். அடுத்து, சந்தை முறையில், ஒரு தொடரைக் கேட்டு நிறுத்தி இருமுறை உரக்கச் சொல்லவேண்டும். தன் குரலைப் பதிவுசெய்து மூலத்தோடு ஒப்பிட்டால் அழுத்தம் பிழைத்த இடம் தானே தெரியும். விடுதி மாணவர் நால்வர் ஐவராகச் சேர்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கலாம்; ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து கேட்டுத் திருத்தினால் போதும்.